வின்சன்ற் அண்ணை ரிவிக்குக் கிறீஸ் பூசிய கதை

வீடு வீடாகப் போய் ரிவி பூட்டிக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு. அரியாலையில் என் வீட்டு முன்னறைதான் கடை. பழுதென்று என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேருடைய ரிவியில் பழுதே இருக்காது. சுவரில் சுவிச்சைப் போட மறந்திருப்பார்கள். வயரை எலி கடித்திருக்கும். றிமோட்டைப் பொலித்தீனில் சுற்றி, அதன்மேல் றப்பர் வளையம் போட்டு, போதாததற்குப் பிளாஸ்ரரும் ஒட்டிவிட்டு, "தம்பி, உதிலை பட்டின் ஒண்டும் வேலை செய்யுதில்லை" என்று என்னிடமே குறைப்படுவார்கள். எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிடும். அதை வாய்க்குள் வைத்திருக்கவும் தெரியாது. "வேலைக்குப் போகேக்கை வாயை வீட்டிலை வைச்சிட்டுப் போங்கோ" என்று என் மனைவி ஆரணி வாசல்வரை வந்து சொல்லித்தான் அனுப்புவாள். அதற்கு மேலும் எனக்கு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள் என்றால், அது அவர்களுடைய பெருந்தன்மை.

குருநகர் வின்சன்ற் அண்ணை போன வருடம் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி ஜெயசுதன், ரிவி நல்லாத்தான் ஓடுது. எனக்குப் போனிலை தெரியிறது ரிவியிலை தெரிய வேணும். மருமகன் வயரெல்லாம் அனுப்பியிருக்கிறார். கொழுவினால் ஒண்டும் வருகுதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேர்சி கோல் எடுப்பா. அதுக்கு முதல் வந்து செய்துதர ஏலுமோ?"

மேர்சி என்பவர் அவருடைய மனைவி. பாரிசில் மகள் றொசாந்தியோடு இருக்கிறார். ஞாயிறு எனக்கு ஓய்வு நாள். வேறு யாராவது கேட்டிருந்தால் திங்கள் வருகிறேன் என்று சொல்லியிருப்பேன். வின்சன்ற் அண்ணைக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை.

அவரை நான் சின்ன வயதிலிருந்தே அறிவேன். என் அப்பா மீன் வாங்கக் குருநகர் இறங்குதுறைக்குப் போகும்போது என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார். வின்சன்ற் அண்ணை தொழிலுக்குப் போகாத நாட்களில் மீன் வியாபாரிகள் அவரைச் சுற்றி நிற்பார்கள். காரணம் அவருடைய கண். தூரத்தில் ஒரு புள்ளி தெரியும். அது வள்ளமா, மிதந்து வரும் ஏதாவது குப்பையா என்று எங்களுக்குத் தெரியாது. அவர் கையை நெற்றியில் வைத்து ஒருமுறை பார்ப்பார். இன்னாருடைய வள்ளம், தாழ்ந்து வருகிறது, இன்றைக்கு நல்ல மீன்பாடு என்று சொல்லிவிடுவார். வியாபாரிகள் அவர் சொன்னதை நம்பி விலை பேசத் தயாராவார்கள். அவர் சொன்னது பிழையானதை நான் பார்த்ததில்லை.

ஞாயிறு பூசை முடிந்து சனம் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். கடற்கரையிலிருந்து இரண்டாவது ஒழுங்கை. உப்புக் காற்று சட்டைக்குள்ளே புகுந்து கழுத்தைப் பிசுபிசுக்க வைத்தது. படலையைத் தட்டினேன். உள்ளே வாசலில் நின்றவர் என்னை நேரே பார்த்தார்.

"ஆரது?"

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். "பிரதமர் வந்திருக்கிறன்" என்றேன்.

"ஓ, ஜெயசுதனோ. வாரும், வாரும்."

ஒரு கையைச் சுவரில் வைத்தபடி உள்ளே நடந்தார். முழங்கால் வருத்தமாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். அறுபதைத் தாண்டிய கடற்தொழிலாளிகளுக்கு முழங்காலும் இடுப்பும் ஒழுங்காக இருந்தால்தான் அதிசயம்.

முன்னறைச் சுவரில் திருஇருதய ஆண்டவர் படம். படத்துக்கு முன்னால் சின்னச் சிவப்புப் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, மேசையில், பெரிய தட்டை ரிவி. மருமகன் டினேஸ் காசு அனுப்பி யாழ்ப்பாணக் கடையொன்றில் வாங்குவித்தது. இன்ரநெற் இல்லாத சாதாரண ரிவிதான், ஆனால் திரை நல்ல அகலம். கேபிள்காரர் கொழுவிவிட்ட வயரில் ஏதோ சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. படம் கண்ணாடி மாதிரி இருந்தது. பக்கத்தில் றொசாந்தியின் பழைய போனும், அதை ரிவியோடு இணைக்கும் வயரும் கிடந்தன. நத்தார்ப் பண்டிகைக்கு ஊருக்கு வந்த யாரிடமோ டினேஸ் கொடுத்து அனுப்பியவை.

இது ஐந்து நிமிட வேலை. வயரின் ஒரு முனை போனுக்கு, மறுமுனை ரிவியின் பின்பக்கத்துக்கு. றிமோட்டில் எந்தத் துளையிலிருந்து படம் வரவேண்டும் என்று தெரிவு செய்தால் போனில் இருப்பது அப்படியே ரிவியில் தெரியும். கொழுவினேன். தெரிவு செய்தேன். நீலத் திரை. சிக்னல் இல்லை என்று எழுத்து வந்தது. அடுத்த துளை. நீலத் திரை. பக்கவாட்டில் இருந்த மூன்றாவது துளை. அதே நீலம். என்னுடைய போனைக் கொழுவிப் பார்த்தேன். அதுவும் இல்லை. முதலில் வயரைத் திட்டினேன். பிறகு வயரை அனுப்பிய டினேசைத் திட்டினேன். பிரான்ஸ் நாட்டைத் திட்டத் தொடங்கியபோதுதான் என் விரல்களைப் பார்த்தேன். கறுப்பாக, வழுவழுவென்று இருந்தன. முகர்ந்து பார்த்தேன்.

"அண்ணை, ரிவிக்குப் பின்னாலை உது என்ன?"

"எது?"

"துளையளுக்குள்ளை என்னவோ பூசிக் கிடக்கு."

"ஓ, அதுவோ. கிறீஸ்."

"ஆர் பூசினது?"

"நான்தான் பூசினனான்." அவருடைய குரலில் ஒரு பெருமை. "உப்புக் காத்தல்லோ. எஞ்சினுக்குப் பூசாமல் விட்டுப்பாரும், ஒரு மாசத்திலை பிளக் செத்துப்போம். பற்றறி முனையிலை பச்சை பூத்துப்போம். உது எஞ்சினிலும் பார்க்கப் பூஞ்சைச் சாமான். அதுதான் வந்த அண்டைக்கே நெருப்புக்குச்சியாலை உள்ளுக்கு விட்டு வடிவா அடைச்சனான்."

நான் ரிவியைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன். கேபிள் வயர் கொழுவியிருந்த துளையைத் தவிர அந்த மனிதர் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. குருநகரில் பூட்டுக்கும் கிறீஸ், சைக்கிள் சங்கிலிக்கும் கிறீஸ், படலைப் பிணைச்சலுக்கும் கிறீஸ். கடற்கரையில் வாழ்கிறவர்களுக்கு அது கைப்பழக்கம், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அந்த நியாயமெல்லாம் தோன்றவில்லை.

"வயரின்ரை வாய்க்கும் பூசினனீங்களோ?"

"பூசாமல்? அது வெளியிலை கிடக்கிறதல்லோ. அதுக்குத்தான் கூடப் பூசினது."

என் வாய் திறந்துகொண்டது. இது ரிவி, வள்ளமில்லை என்றேன். இதை நாளைக்குக் கடலில் இறக்கப் போகிறீர்களோ என்றேன். மிச்சக் கிறீஸைத் தலையில் பூசியிருந்தால் ரிவியாவது தப்பியிருக்கும் என்றேன். வழக்கமாக வின்சன்ற் அண்ணை ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பித் தருகிற ஆள். அன்றைக்கு நான் பேசி முடிக்கும்வரை கதிரையில் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"துடைச்சால் வருமோ தம்பி?" என்று கேட்டார்.

"உடனை வராது. கடைக்குக் கொண்டுபோய்ப் பின்மூடியைக் கழட்டிக் கழுவ வேணும். வாற ஞாயிறு கொண்டுவந்து தாறன்."

"வாற ஞாயிறு வேண்டாம். இண்டைக்குத்தான் வேணும்."

"இண்டைக்கு என்ன அப்பிடி விசேசம்? அக்கா ஒவ்வொரு ஞாயிறும் எடுக்கிறவதானே. இண்டைக்குப் போனிலை கதையுங்கோ."

"போனிலை எனக்கு அவ தெரியிறேல்லை" என்றார்.

நான் கையைத் துடைப்பதை நிறுத்தினேன்.

"சீனி வருத்தம் கண்ணுக்கு இறங்கிப்போச்சு. ஒண்டரை வருசமா இப்பிடித்தான். இப்ப நீர் நிக்கிற இடத்திலை ஒரு ஆள் நிக்கிறது தெரியும். நீர்தான் எண்டு சத்தத்திலைதான் தெரியும். போனிலை ஒரு வெளிச்சம் தெரியும். அதுக்குள்ளை ஒரு நிழல் ஆடும். அதைப் பாத்துச் சிரிச்சுச் சிரிச்சுக் கதைக்கிறனான். புதன்கிழமை பெரியாஸ்பத்திரியிலை ஒப்பரேசன். போனது திரும்ப வராது, இருக்கிறதைக் காப்பாத்தப் பாப்பம் எண்டு டொக்டர் சொன்னவர். காப்பாத்தலாம், காப்பாத்தாமலும் விடலாம். இருக்கிறதும் போறதுக்கிடையிலை எனக்கு ஒருக்கா மேர்சியின்ரை முகத்தைப் பாக்க வேணும்."

அவர் தொடர்ந்து சொன்னார்.

"போன கிழமை உந்த ரிவிக்குக் கிட்டப் போய் நிண்டு செய்தி கேட்டுக்கொண்டு இருந்தனான். வாசிக்கிற பிள்ளையின்ரை மூக்கு தெரிஞ்சுது தம்பி. வாய் தெரிஞ்சுது. முகம் பெரிசா வந்தால், நான் நல்லாக் கிட்டப் போனால், துண்டு துண்டாப் பிடிபடுது. அப்பதான் யோசிச்சனான். ஆற்றையோ பிள்ளையின்ரை முகம் தெரியுது, என்ரை மனுசியின்ரை முகம் எனக்குத் தெரியேல்லையே எண்டு."

"அக்காவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. தெரியவும் கூடாது. நீர் வாய் திறக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணும்."

ஏன் என்று கேட்டேன். மேர்சி அக்கா றொசாந்தியின் முதற் பிள்ளைப்பேற்றுக்கென்று மூன்று மாதத்துக்குப் போனவர். அவர் போய்க் கொஞ்ச நாளில் கொரோனா வந்து விமானங்கள் நின்றுவிட்டன. அது முடிய இரண்டாவது பிள்ளை. பிறகு அங்கே தங்குவதற்கு விண்ணப்பம் போட்டார்கள். வதிவிடக் காட் கிடைக்கும்வரை வெளியே போகக்கூடாது, போனால் எல்லாம் வீண் என்று சொல்லிவிட்டார்கள். றொசாந்தியும் டினேசும் வேலைக்குப் போனால் பிள்ளைகளைப் பார்ப்பது மேர்சி அக்காதான். மூன்று மாதம் என்று போன மனுசி இன்னும் திரும்பவில்லை.

"கண் தெரியேல்லை எண்டு கேட்டாவெண்டால் அடுத்த பிளேனிலை வந்து நிப்பா. காட்டும் போம். மகளின்ரை வேலையும் போம். உந்தக் குருட்டுக் கிழவனுக்காக ஏன் அதெல்லாம்?" என்றார். பிறகு உடனேயே, "வந்தாவெண்டால் நல்லதுதான்" என்று மெல்லச் சொன்னார். சொன்னதை நான் கேட்டுவிட்டேனோ என்று பயந்ததுபோல எழும்பித் தேத்தண்ணி போடப் போனார்.

நான் சத்தியம் பண்ணினேன். பின்மூடியைக் கழற்றினேன்.

கிறீஸ் எடுக்கிற வேலை அவ்வளவு லேசானதில்லை. பல்லுத் தீட்டும் பிறசை ஸ்பிரிற்றில் தோய்த்துத் தேய்த்தேன். ஈர்க்கை மெல்லச் சீவி, நுனியில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, துளைக்குள் விட்டு விட்டு எடுத்தேன். கொஞ்சம் அழுத்தினால் உள்ளே இருக்கிற செம்புப் பற்கள் வளைந்துவிடும். இடையில் போனில் சார்ஜ் குறைந்துவிட்டது. பிளக் கொழுவ இடமில்லை. ஆண்டவரின் சிவப்புப் பல்பைக் கழற்றக் கை வைத்தேன்.

"அதை மட்டும் கழட்டாதையும். மேர்சி கொழுவிவிட்டுப் போனது. ஒரு நாளும் நூரேல்லை, அணைய விடேல்லை."

காற்றாடியின் பிளக்கைக் கழற்றினேன். இரண்டு பேரும் வேர்வையில் குளித்தோம்.

அவர் வாசற்படியில் இருந்து மேர்சி அக்காவைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார். வலையிலிருந்து நண்டு கழற்றுவதில் அவவை வெல்ல இந்தக் கரையில் ஆள் இல்லையாம். ஒரு கால் முறியாமல் எடுப்பாவாம். நண்டு கடித்த கையோடுதான் கல்யாணத்தன்று மோதிரம் போட வந்தாவாம், விரல் வீங்கி மோதிரம் ஏறாமல் சுவாமியார் சிரித்துவிட்டாராம். யுத்தத்தில் இடம்பெயர்ந்து போனபோது, எல்லோரும் சட்டி பானை தூக்க, அவ வள்ளத்து எஞ்சினைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு நடந்தாவாம். தொழில் இருந்தால் சட்டி வாங்கலாம் என்று சொன்னாவாம்.

"எல்லாம் ஞாபகம் இருக்கு தம்பி. ஆனால் முகம் மட்டும் கலையுது. இப்ப கண்ணை மூடி யோசிச்சால் அல்பத்திலை இருக்கிற படம்தான் வருகுது, அவ வரேல்லை. அதுதான் எனக்குப் பயம்."

நான் ஈர்க்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முதலாவது துளை கடைசிவரை மசியவில்லை. இரண்டாவதில் கொழுவியபோது திரை ஒருமுறை வெட்டிவிட்டு நீலத்துக்கே திரும்பியது. உயிர் இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு மூச்சு வந்தது. வயரின் முனையை இன்னொரு தடவை கழுவி, வாயால் ஊதி, பக்கவாட்டுத் துளையில் கொழுவினேன். படம் வந்தது. முழுவதும் ஊதா நிறம். முனையைக் கொஞ்சம் அசைத்தேன். பச்சையானது. இன்னும் கொஞ்சம். சரியான நிறத்தில், போனின் முகப்புப் படம் திரையின் நடுவில் ஒடுங்கிய கீலமாக நின்றது. போனைக் குறுக்காகப் படுக்க வைத்தேன். படம் விரிந்து திரை முழுவதையும் நிரப்பியது.

"வந்திட்டுது அண்ணை."

அவர் எழும்பி வந்து திரையைக் கையால் தடவினார். பிறகு உள்ளே போய்ச் சேட் மாற்றி, தலையைச் சீவி இழுத்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார். பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளை இருப்பதுபோல முதுகை நேராக வைத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கரித்தது.

வயர் கட்டை. அதனால் போனை ரிவியின் கீழே, மெழுகுதிரித் தண்டொன்றில் சாய்த்து, கமெரா கதிரையைப் பார்க்கும்படி வைத்தேன். வயர் அசையாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு ரிவிக்குப் பக்கத்தில் குந்தினேன். கொஞ்ச நேரத்தில் கோல் வந்தது.

முதலில் றொசாந்தி. "அப்பா, ஜெயசுதன் அண்ணை வந்தவரோ, ரிவி வேலை செய்யுதோ?" என்று கேட்டுவிட்டுப் போனைக் கைமாற்றினாள். திரை ஆடியது. கூரை தெரிந்தது, யன்னல் தெரிந்தது, பிறகு மேர்சி அக்காவின் முகம் வந்தது. கம்பளித் தொப்பி, மூக்குக்கண்ணாடி. ரிவியில் அவருடைய தலை உண்மையான தலையைவிடப் பெரிதாக இருந்தது.

"இஞ்சாருங்கோ, சேட் எல்லாம் போட்டு வடிவா இருக்கிறியள். எங்கை வெளிக்கிட்டாச்சு?"

வின்சன்ற் அண்ணை கதிரையை முன்னால் இழுத்தார். இன்னும் இழுத்தார். பிறகு கதிரையை விட்டுவிட்டு எழும்பி, மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, மூக்கு திரையில் முட்டுகிற அளவுக்கு முகத்தைக் கொண்டுபோனார்.

"என்னப்பா, உங்கடை சேட் பொத்தான்தான் எனக்குத் தெரியுது" என்று மேர்சி அக்கா சிரித்தார். "பின்னுக்குப் போங்கோ. முகத்தைக் காணேல்லை."

அவர் போகவில்லை. பின்னுக்குப் போனால் அவருக்கு அக்கா இல்லை. முன்னுக்கு வந்தால் அக்காவுக்கு அவர் இல்லை. இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் பார்க்க வைக்க என் தொழிலில் வழியில்லாமல் நான் வயரைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன்.

அவர் முகத்தை மெல்ல மெல்ல நகர்த்தினார். வாயிலிருந்து கன்னம். கன்னத்திலிருந்து காது. காதில் தோடு. திரும்பி மூக்கு. பிறகு நெற்றி. அவருடைய உதடு அசைந்துகொண்டிருந்தது, சத்தம் வரவில்லை. அக்கா அங்கே பிள்ளைகளின் பள்ளிக்கூடம், குளிர், டினேசின் வேலை என்று ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று வின்சன்ற் அண்ணை கத்தினார்.

"மேர்சி, புருவத்துக்கு மேலை என்ன அது? வெட்டின மாதிரி!"

நான் எட்டிப் பார்த்தேன். கண்ணாடிச் சட்டத்துக்கு மேலே, இழை போட்ட அடையாளம் ஒன்று மெல்லியதாக ஓடியது. அவர் சொல்லும்வரை நான்கூடக் கவனிக்கவில்லை.

"தம்பி, பாரும்! இருக்குதல்லோ? எனக்குத் தெரியுது! சரியாச் சொன்னன் என்ன?" சின்னப் பிள்ளைபோலத் துள்ளினார். பேசாமல் இருங்கோ என்று வாயில் விரலை வைத்து அவருக்குச் சாடை காட்டினேன். யாருக்குச் சாடை காட்டுகிறேன்!

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அது போன மாரியிலை பனியிலை வழுக்கி விழுந்தது. உங்களுக்குச் சொல்லேல்லை. சொன்னால் யோசிச்சு யோசிச்சு மருந்தும் குடிக்காமல் விட்டிடுவியள்."

"அதுக்கேன் சொல்லாமல் விட்டனீ? நல்லாப் பட்டதோ?"

"அது கிடக்கட்டும். விழுந்த கிழமை நெத்தியிலை பெரிய கட்டோடை இருந்துதான் உங்களோடை கதைச்சனான். என்ன அது எண்டு கேக்கப் போறியள், என்ன பொய் சொல்லுறது எண்டு பயந்துகொண்டு இருந்தனான். நீங்கள் கேக்கேல்லை. அடுத்த ஞாயிறும் கேக்கேல்லை. அதுக்கு அடுத்த ஞாயிறும் கேக்கேல்லை. நான் என்ன நினைச்சன் தெரியுமோ? வராமல் நிக்கிறன் எண்டு மனுசன் என்னை வெறுத்திட்டுது, முகத்தைப் பாக்கவும் விருப்பமில்லை எண்டு நினைச்சன். அதை மனசிலை வைச்சுக்கொண்டுதான் ஒரு வருசமாச் சிரிச்சுக் கதைச்சனான்."

வின்சன்ற் அண்ணை திரையிலிருந்து முகத்தை எடுத்தார்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்குக் கண் தெரியேல்லையோ?"

"ஆர் சொன்னது? இஞ்சை வெளிச்சம் காணாது. போன் பழுது. நல்லாத் தெரியுது."

"தம்பி ஜெயசுதன், அங்கை நிக்கிறீர்தானே? அந்தப் போனை எடுத்து அவரை எனக்குக் காட்டும்."

"வேண்டாம் தம்பி" என்றார் அவர். "சத்தியம் பண்ணினனீர்."

உண்மைதான், பண்ணினேன். ஆனால் ஒரு வருடமாகத் தன்னைப் புருஷன் வெறுத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டிருந்த மனுசியின் முகம் அவ்வளவு பெரிதாக எனக்கு முன்னால் நின்றது. சத்தியத்தைக் காப்பாற்றுவதற்கு நான் அவ்வளவு நல்ல மனிதனும் இல்லை. போனை எடுத்தேன். வயர் இழுபடுகிற தூரம்வரை பக்கத்தில் கொண்டுவந்து, கமெராவை அவர் பக்கம் திருப்பினேன்.

அக்கா பார்த்தார். திரைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, இமை கொட்டிக் கொட்டி, எங்கேயோ தவறவிட்டதைத் தேடுவதுபோலத் தன்னைத் தேடிக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்தார்.

முதலில் ஏச்சுத்தான் வந்தது. "பொய்காரன். புயலுக்கை அம்பிட்டு விடியப்புறம் வந்து நிண்டு 'சும்மா ஒரு காத்து' எண்டு சொன்ன வாயல்லோ அது. அந்த வாய் வேறை என்னத்தைச் சொல்லும்." கண்ணாடியை மேலே தள்ளினார். "எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாள்தான். புதன்கிழமை ஒப்பரேசன். நீ ஒண்டுக்கும் பயப்பிடாதை."

"அதுக்குப் பிறகு தெரியுமோ?"

"தெரியலாம்."

"தெரியாமலும்?"

அங்கே பின்னால் றொசாந்தி "அப்பா" என்று அழுகிற சத்தம் கேட்டது. அக்கா திரும்பாமலே, "நீ போய்ப் பிள்ளையளைப் பார். கொஞ்ச நேரம் இஞ்சை வராதை" என்றார். கதவு சாத்துகிற சத்தம் வந்தது.

பிறகு மேர்சி அக்கா தொப்பியைக் கழற்றினார். நரைத்த தலைமயிரைக் கையால் கோதிப் பின்னுக்கு விட்டார். கண்ணாடியைக் கழற்றி எங்கேயோ வைத்தார். போனை ஏதோ ஒன்றில் சாய்த்துவிட்டு முன்னால் வந்தார். திரையில் நெற்றி மேலே முட்டியது, நாடி கீழே முட்டியது.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம் கிட்ட வா."

"வந்திட்டன்."

"ஓம். இப்ப தெரியுது."

"நான் ஒண்டும் கதைக்கேல்லை. அசையாமல் இருக்கிறன். நீங்கள் ஆறுதலாப் பாருங்கோ."

அவர் பார்த்தார். கையால் திரையைத் தொட்டுத் தொட்டு, தொட்ட இடத்துக்கு முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். அக்காவின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. துடைத்தால் முகம் மறைந்துவிடும் என்று அவர் துடைக்கவில்லை. முனை அசைந்து படம் போய்விடாமல் நான் இரண்டு கையாலும் வயரைப் பிடித்துக்கொண்டு, மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மற்றப் பக்கம்" என்றார் வின்சன்ற் அண்ணை.

அக்கா மெல்லத் திரும்பி, மற்றக் கன்னத்தைக் காட்டினார்.